நடுவிரலில் நிற்பது

குதிரை நிற்பது நடுவிரலில்.
முதல் வகுப்பில் இதைக் கேட்டுப்
பின்வரிசையில் எவனோ சிரித்தான்.
மற்ற நான்கு விரல்கள் எங்கே போயின என்று
எழுந்து கேட்டேன்.
ஓடி ஓடி உதிர்ந்துவிட்டன என்றார் பேராசிரியர்,
சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே.

நாம் முழங்கால் என்பது அதன் மணிக்கட்டு.
அம்மாவிடம் போனில் சொன்னேன்.
சிவதாபுரத்துப் பட்டறையில்
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.
"அப்ப கணுக்கால் எங்கடி அதுக்கு?"
படம் அனுப்பினேன்.
"இவ்வளவு மேலயா?
ஜோடிக்கு அரைக் கிலோ வெள்ளி பிடிக்குமே."

குதிரைக்குப் படிக்கிறாளாம் என்றார்கள் தெருவில்.
ஏன், அதுவே படிச்சுக்காதா என்றார் சித்தப்பா.
தரகர் என் தாளில் டாக்டர் என்பதை மட்டும் விட்டு
மீதியைப் பேனாவால் அடித்தார்.
இருநூற்று ஐந்து எலும்புகள்.
எலும்புத் தாளில்தான் எனக்கு அரியர்.
காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது,
முன்கால்கள் இரண்டும் வெறும் தசையில் தொங்குகின்றன
என்று எழுத மறந்தேன்.
கழுத்தில் எதுவும் போடாமல்
பரீட்சைக்குப் போனதால்தான் என்பது
அம்மாவின் கட்சி.

மே மாதம். ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம்.
ஏரிக்கரையில் அன்வர்தீனின் செம்பழுப்புப் பெட்டை,
பெயர் பட்டாணி.
சவாரிக்கு வந்த பிள்ளைகள்
பன் கொடுத்தார்கள், சோளம் கொடுத்தார்கள்,
ஒரு குடும்பம் பிரியாணிப் பொட்டலத்தையே கொடுத்தது.
இரவு பத்துக்குப் படுத்து உருளப் பார்த்தது.
திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது,
யாரோ அங்கிருந்து கூப்பிடுவதுபோல.

பயிற்சிக்கு வந்தவள் நான்.
கையில் ஒரு ஸ்டெதஸ்கோப்,
அதுவும் சீனியர் விற்றது.
டாக்டர் சேலத்திலிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும்.

இடப்பக்கம் மேலே, கீழே.
வலப்பக்கம் மேலே, கீழே.
இடத்துக்கு ஒரு நிமிடம்.
நல்ல குதிரை வயிறு எப்படிக் கேட்கும் என்று
பேராசிரியர் சொல்லியிருந்தார்:
ஹாஸ்டல் கக்கூஸில் தண்ணீர் இறங்குகிற மாதிரி.
குறித்துக்கொண்டோம்.
இங்கே நான்கிலும்
பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை.

தின்றதைத் திருப்பித் தள்ளும் வழி
குதிரைக்கு இல்லை.
இரைப்பை வாசல் ஒருபக்கம்தான் திறக்கும்.
இதற்கு இரண்டு மதிப்பெண்.
"பொழைக்குமா மேடம்?" என்றார் அன்வர்தீன்.
இதற்கு எத்தனை என்று
எந்தப் புத்தகத்திலும் இல்லை.
மேடம் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை.
படுக்க விடாதீங்க, நடத்துங்க என்றேன்,
என் குரல் எனக்கே கடன் வாங்கியதாகக் கேட்டது.

நடந்தோம்.
படகுத்துறை, பூட்டிய மிளகுக் கடை,
மறுபடி படகுத்துறை.
பனிமூட்டத்தில் அவர் முகம் தெரியவில்லை,
தவணை பற்றி மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.
இன்னும் ஏழு பாக்கி.
பட்டாணியின் வேர்வை என் கையில் குளிர்ந்தது.

ஒரு மணிக்கு டாக்டர் வந்தார்.
ஊசி. மூக்கு வழியே குழாய்.
டார்ச் பிடி என்றார், பிடித்தேன்.
எப்போது முதலில் காது வைத்தாய் என்றார்.
பத்தேகால் என்றேன்.
ம் என்றார்.

நாலு இருபதுக்கு வால் தூக்கியது.
லத்தி.
மூன்று உருண்டை, ஆவி பறக்க.
அன்வர்தீன் குனிந்து
மறுபடியும் எண்ணினார்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.
"அதுக்கா இந்நேரத்துக்கு எழுப்புனே?"
கொட்டாவி.
பிறகு:
"இறுகலா, இளக்கமா?"

கீழே இறங்கும் முதல் பஸ்ஸில் இடமில்லை.
கம்பியைப் பிடித்தபடி தூங்கிப்போனேன்.
நின்றே தூங்கக் குதிரைக்குக்
காலில் ஒரு பூட்டு உண்டு,
அரியர் தாளில் கட்டாயம் வரும்.
எனக்கு இல்லை.
பதினொன்றாம் வளைவில்
ஒருவரின் பலாப்பழக் கூடைமேல் விழுந்தேன்.